நம்ம மலையில நடக்குற ஆராய்ச்சிக்கு யார் காசு போடுறா, பலன் எங்க போய்ச் சேருது?

கேத்தி_மலைக்காரி:

வணக்கம் எல்லாருக்கும். நான் எகனாமிக்ஸ்ல பிஹெச்டி பண்றேன், வீடு கேத்தி பக்கம். போன வாரம் மஞ்சூர்லேர்ந்து ஊட்டி வர்ற பஸ்ல வந்துட்டு இருந்தேன், முத்தோரை பாலாடா தாண்டும்போது பக்கத்து சீட்டு பெரியவர் ரேடியோ டெலஸ்கோப் இருக்குற பக்கமா கையக் காட்டி, "ஏம்மா, நான் இளவட்டமா இருந்தப்ப கட்டுனது, இன்னைக்கும் வானத்தப் பாத்துட்டேதான் இருக்கு, இதுனால நம்ம மலைக்கு என்ன வந்துச்சு"ன்னு கேட்டார். கோவமா கேக்கல, தெரிஞ்சுக்கணும்னு கேட்டார். பஸ் ஸ்டாண்ட் வர்ற வரைக்கும் என்னால அவருக்கு ஒழுங்கா ஒரு பதில் சொல்ல முடியல, அது அன்னைலேர்ந்து மனச அரிச்சுக்கிட்டே இருக்கு.

பாடத்துல இருக்குற பதில் எனக்குத் தெரியும். ஒரு ஆராய்ச்சியில தெரிஞ்சுக்கிட்ட விஷயத்த நான் எடுத்துப் பயன்படுத்துனா உங்க பங்கு கொறைஞ்சு போகாது, அத வேலி போட்டு அடைக்கவும் முடியாது, அதனால லாபம் பாக்குற கம்பெனி அடிப்படை ஆராய்ச்சியில தேவையான அளவுக்குப் பணம் போடாது, பொதுப் பணம்தான் போகணும். 1959ல ரிச்சர்ட் நெல்சன், 1962ல கென்னத் ஆரோ, ரெண்டு பேரும் இதத் தெளிவா எழுதி வெச்சுட்டாங்க. சரி. ஆனா வேலி இல்லாத தோட்டத்துல தண்ணி பாய்ச்சுறது ஒருத்தர், அறுவடை எங்கயோ இன்னொருத்தர். அந்தக் கணக்க யாரும் ஊர் ஊரா உக்காந்து போட்ட மாதிரி தெரியல.

இந்தியா மொத்த உற்பத்தியில 0.64 சதவீதம்தான் ஆராய்ச்சிக்குச் செலவு பண்ணுது, 2020-21 கணக்கு அது. அந்தக் கொஞ்சத்துல ஒரு பங்கு நம்ம நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருது, நட்சத்திரம், காஸ்மிக் கதிர், உருளைக்கிழங்கு, கோதுமை, வெறிநாய்க்கடி ஊசி, ஆடு, காடு, பழங்குடி மொழின்னு இத்தன துறையும் இந்தச் சின்ன மலைக்குள்ளயே இருக்கு. இங்க இருக்குற நீங்க எல்லாரும் ஏதோ ஒரு துறைய கிட்ட இருந்து பாத்தவங்க. உங்க துறையில காசு எதுக்குப் போகுது, யார் குடுக்குறா, யாருக்குப் போய்ச் சேருதுன்னு எழுதுங்களேன், தீசிஸுக்காகக் கேக்கல, அந்தப் பெரியவர மறுபடி பாத்தா சொல்றதுக்குத்தான்.

பச்சை_இலை:

நல்ல கேள்வி கேட்டம்மா. நான் கோத்தகிரி பக்கம் ஒண்ணே கால் ஏக்கர் தேயிலை வெச்சிருக்கேன். 2023ல கிலோ பச்சை இலைக்கு 33 ரூபா 50 காசு வேணும்னு ஹட்டி ஹட்டியா, ஹட்டின்னா எங்க படுகர் ஊரு, உண்ணாவிரதம் உக்காந்தோமே, அந்தப் பந்தல்ல நானும் இருந்தேன். அப்ப எனக்குத் தோணுனது என்னன்னா, ஒரு கிலோ இலை பறிக்க எனக்கு என்ன செலவு ஆகுதுன்னு கணக்குப் போடுறதே ஒரு ஆராய்ச்சிதான், ஆனா அத எங்க தோட்டத்துக்கு வந்து யாரும் பண்ணல. பறிக்கிற கூலி, உரம், கவாத்து, இலைய மூட்டை கட்டி ஃபேக்டரிக்குக் கொண்டு போற வண்டி வாடகை, இத நானே என் பொண்ணோட பழைய நோட்டுல ஆறு மாசம் எழுதி வெச்சேன். அந்த நோட்டுதான் எங்க ஹட்டியில இருந்த ஒரே ஆதாரம்.

பெரிய எஸ்டேட்காரங்க 1893லயே உபாசின்னு சங்கம் வெச்சாங்க, பின்னாடி சொந்தமா ஆராய்ச்சி நிலையமும் வெச்சாங்க, நல்ல க்ளோன் ரகத் தேயிலைக் கன்னு எல்லாம் அங்கேர்ந்து வந்துச்சு, எங்க தோட்டத்துலயும் அது இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா காசு போட்டவன் கேக்குற கேள்விக்குத்தான் மொதல்ல பதில் வரும். பெரிய தோட்டத்துக்கு வேண்டியது மகசூல். எனக்கு வேண்டியது வெலை. வெலையப் பத்தி ஆராய்ச்சி பண்ண எங்ககிட்ட சங்கமும் இல்ல சந்தாவும் இல்ல.

முத்தோரை_பையன்:

டெலஸ்கோப் பத்தி நான் சொல்றேன் அக்கா, எங்கப்பா அங்க பெயின்ட் அடிக்கிற வேலைக்குத் தினக்கூலியா போனவர், நான் சின்ன வயசுலேர்ந்து அத அடியில நின்னு அண்ணாந்து பாத்து வளந்தவன்.

அது 1970ல முடிஞ்சது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில டாடா ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க கட்டுனது, நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர், 24 பெரிய ஃப்ரேம், அதுமேல நெடுக 1100 மெல்லிசான ஸ்டீல் கம்பி. மூடுபனி இறங்குற காலையில அடியில நின்னா அந்தக் கம்பிங்க தனித்தனியா தெரியாது, ஒரு சாம்பல் துணி காயப் போட்ட மாதிரிதான் இருக்கும், வெயில் வந்ததும் ஒவ்வொரு கம்பியிலயும் தண்ணி முத்து முத்தா கோத்து நிக்கும்.

எகனாமிக்ஸ்காரங்க கவனிக்க வேண்டிய இடம் இது. ஏன் முத்தோரை? நம்ம ஊர் பூமத்திய ரேகைலேர்ந்து கிட்டத்தட்ட 11 டிகிரி வடக்க இருக்கு. வடக்கு தெக்கா அதே 11 டிகிரி சரிவு இருக்குற ஒரு மலைய தேடி அதுமேலயே படுக்க வெச்ச மாதிரி கட்டிட்டா, டெலஸ்கோப்போட அச்சு பூமியோட அச்சுக்கு இணையா வந்துடும், அப்புறம் ஒரே ஒரு பக்கமா உருட்டுனா போதும், ஒரு நட்சத்திரத்த ஒம்பதரை மணி நேரம் விடாம தொடரலாம். சமதளத்துல இவ்ளோ பெரிசா ஒண்ணக் கட்டி ரெண்டு பக்கமும் திருப்பணும்னா என்ன செலவு ஆகும்னு யோசிங்க. 60கள்ல அந்நியச் செலாவணிக்கு அவ்ளோ பஞ்சம், வெளிநாட்டுலேர்ந்து பெரிய மெஷின் எறக்க வழி இல்ல. மலைச் சரிவே பாதி மெஷின் வேலையச் செஞ்சு குடுத்துச்சு. அதனால அந்தப் பெரியவர்கிட்ட, நம்ம மலைக்கு என்ன வந்துச்சுன்னு கேக்குறதுக்கு முன்னாடி நம்ம மலை என்ன குடுத்துச்சுன்னு சொல்லுங்க.

விண்வெளியிலேர்ந்து வர்ற துகள ஆராயுற ஊட்டி காஸ்மிக் கதிர் ஆய்வகமும் அதே மாதிரிதான். அங்க நடக்குற கிரேப்ஸ்-3ங்குற பரிசோதனையில, அந்தக் கதிர்லேர்ந்து உண்டாகுற மியூவான்ங்குற துகள எண்ணுறதுக்கு வெச்சிருக்குற ஆறு மீட்டர் இரும்புக் குழாயெல்லாம் கோலார் தங்கச் சுரங்கத்துல ஏற்கனவே ஒரு பரிசோதனைக்கு ஓடுனது, அது முடிஞ்சதும் இங்க கொண்டு வந்து திரும்பப் பயன்படுத்துனாங்க. மேல போடுற பிளாஸ்டிக் டிடெக்டரையும் இங்கயே செஞ்சுக்கிட்டாங்க. அத வெச்சுத்தான் 2014 டிசம்பர் 1ஆம் தேதி நம்ம தலைக்கு மேல வந்த இடிமேகத்துக்குள்ள 130 கோடி வோல்ட் இருந்துச்சுன்னு கணக்குப் போட்டு 2019ல உலகத்துக்கே சொன்னாங்க. புதுசு வாங்க காசு இருந்திருந்தா வேற மாதிரி பண்ணியிருப்பாங்களோ என்னவோ.

குன்னூர்_கணக்கு:

நான் ஆடிட்டர் ஆபீஸ்ல வேல பாக்குறேன், கணக்கு கேட்டா கணக்காத்தான் பேசுவேன். சரிவுல வெச்சு செலவ மிச்சம் பிடிச்சது பெருமைதான். ஆனா செலவு கொறைச்சலா ஆச்சுங்கிறது வரவு ஆகாது. 50 வருஷத்துல வரவுப் பக்கத்துல என்ன எழுதுவீங்க? அதோட, மொழி, வரலாறு மாதிரி துறைக்கெல்லாம் அரசாங்கம் ஏன் காசு குடுக்கணும்னும் எனக்கு உண்மையாவே புரியல. யாரையும் குத்தம் சொல்லக் கேக்கல, விளக்குங்க.

காட்டுப்பூ:

கணக்கு சார், வரவு எப்ப எழுதுறதுங்கிறதுதான் பிரச்சினையே. நான் காட்டுல வேல பாக்குறவ, அதனால காட்டுக் கணக்கு சொல்றேன்.

முதுமலையில 1988ல இந்திய அறிவியல் கழகத்துக்காரங்க, சுகுமார் சார் ஆரம்பிச்சது, 50 ஹெக்டேர் காட்ட அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல இருக்குற மரம் செடி எல்லாத்துக்கும் நம்பர் தகடு கட்டி, இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல, வருஷா வருஷம் போய் எது செத்துச்சு எது புதுசா முளைச்சுச்சுன்னு பதிவு பண்றாங்க. மொத வருஷக் கணக்க மட்டும் கையில வெச்சு என்ன பண்ணுவீங்க? ஒண்ணும் பண்ண முடியாது. பத்து வருஷம், இருபது வருஷம், நடுவுல ஒரு பெரிய காட்டுத்தீ, ஒரு வறட்சி, எல்லாம் வந்து போனாத்தான் அந்த நோட்டுக்கு மதிப்பு வருது. அதுல ஒரு வருஷம் காசு இல்லேன்னு நிறுத்துனா அந்த வருஷத்த அப்புறம் எவ்ளோ கோடி குடுத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

ஆனா பிராஜெக்ட் காசு எப்படி வருது? மூணு வருஷம். நான் இருந்த ஒரு பிராஜெக்ட்ல, எந்த நிறுவனம்னு வேணாம், மொத தவணை வர்றதுக்கே அஞ்சு மாசம் ஆச்சு, அந்த வருஷ மழக்காலம் போயே போச்சு. ரெண்டாவது தவணை ஜனவரி கடைசில வந்துச்சு. மார்ச் 31க்குள்ள செலவு பண்ணி யூட்டிலைசேஷன் சர்டிபிகேட் குடுக்கலேன்னா திருப்பிக் கட்டணும். எனக்கு வேண்டியது ஜூன்ல காட்டுக்குள்ள நடக்க ரெண்டு ஆளோட கூலி, அந்தக் காச ஜூன் வரைக்கும் வெச்சுக்க முடியாது. அதனால மார்ச்ல பிரிண்டரும் பேட்டரியும் வாங்குனோம். ஜூன்ல நானும் ஒரு அண்ணனும் மட்டும் நடந்தோம், அந்த அண்ணனுக்கு என் ஃபெல்லோஷிப்லேர்ந்து குடுத்தேன். அவர் மசினகுடி பக்கத்து ஆளு, ஆனை எந்தப் பக்கம் நிக்குதுன்னு வாசனையிலயே சொல்லுவார், அவர் இல்லாம அந்த டேட்டா இல்ல. பேப்பர்ல கடைசில நன்றின்னு ஒரு வரி.

கருவிக்கு முன்னாடி 5 சதவீதம் இருந்த ஜிஎஸ்டி 2022 ஜூலைலேர்ந்து 18 ஆச்சு. கிராண்ட் தொகை மட்டும் அதே தொகை.

முத்தோரை_பையன்:

அந்த அண்ணன் பேரு பேப்பர்ல வரணும் அக்கா. எங்கப்பா மாதிரி எத்தன பேரு.

மன்னவனூர்_பூண்டு:

நமக்குப் பழனி மலை, கொடைக்கானலுக்கு மேல மன்னவனூர். காட்டுப்பூ தங்கச்சி சொன்னதுக்கு எங்க ஊரே சாட்சி. கொடைக்கானல்ல சூரிய ஆய்வகம் 1899ல வந்துச்சு. ஏன் வந்துச்சு? 1876லேர்ந்து மெட்ராஸ் ராஜதானியில தாது வருசப் பஞ்சம், லச்சக்கணக்குல சனம் செத்துச்சு, சூரியனுல இருக்குற கரும்புள்ளிக்கும் மழைக்கும் சம்பந்தம் இருக்குமோன்னு வெள்ளக்காரன் நெனச்சான், மழ பொய்க்கிறத முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டா வரி வசூலும் தப்பிக்கும் சனமும் தப்பிக்கும்னு. ஆக அது பஞ்சத்துக்குப் போட்ட காசு. மழைய அப்படி ஈசியா சொல்ல முடியாதுன்னு அப்புறம் தெரிஞ்சு போச்சு. கணக்கு சார் மாதிரி ஒருத்தர் 1920ல ஆடிட் பண்ணியிருந்தா, வாங்குன காசுக்கு மழ எங்கன்னு கேட்டுப் பூட்டச் சொல்லியிருப்பார்.

பூட்டல. 1904லேர்ந்து வானம் தெளிஞ்சிருக்குற நாளெல்லாம் சூரியன போட்டோ எடுத்து கண்ணாடித் தட்டுல வெச்சாங்க, எவர்ஷெட்னு ஒருத்தர் 1909ல அங்க உக்காந்து கரும்புள்ளியில வாயு எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்சாரு, அதுக்கு இன்னைக்கும் அவரு பேருதான். இப்ப அந்த நூறு வருசத்துத் தட்டு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருக்காங்க, சாட்டிலைட்டையும் கரண்ட் லைனையும் சூரியப் புயல் என்ன பண்ணும்னு பாக்குற எல்லாருக்கும் அது வேணும். ஒரு நாள் கூலிக்கு ஒரு போட்டோ, அப்படிச் சேத்தது அது.

ஆனா நான் விவசாயி, என் குறையையும் சொல்லிடுறேன். எங்க மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கெடச்சுச்சு, கொடைக்கானல்ல இருக்குற அன்னை தெரசா பல்கலைக்கழகத்து பயோடெக்னாலஜி துறையில அதுக்காக உழைச்சாங்க, அது நல்ல காரியம். குறியீடு வந்தப்ப எங்களுக்கு அவ்வளவு சந்தோசம். ஆனா நான் மூட்டைய கொண்டு போன மண்டியில எந்தப் பூண்டக் கொட்டுனாலும் மலைப்பூண்டுன்னுதான் சொல்லி விக்கிறாங்க. நம்ம பூண்டுதானான்னு சோதிச்சுப் பாக்க மண்டியில வழி இல்ல, குறியீட்ட காவல் காக்க ஆளும் காசும் ஒதுக்கல. கண்டுபிடிக்கிறதுக்குக் காசு இருக்கு, அத ஊருக்குள்ள எறக்குறதுக்குத்தான் இல்ல. விருப்பாச்சி வாழைக்கும் 2008லயே குறியீடு வந்துச்சு, அதுக்கு முன்னாடியே முடிக்கொத்து நோய் வந்து எங்க தாத்தா காலத்துத் தோட்டம் பாதிக்கு மேல போச்சு, நோய் இல்லாத கன்னு வேணும்னா ஆய்வகத்துலதான் தயாரிக்கணும், ஒரு கன்னு விலைக்கு வாங்கி நட்டு, பக்கத்துத் தோட்டத்துல பழைய கன்னு நோயோட நின்னா மறுபடி அதே கதை.

கேத்தி_மலைக்காரி:

அண்ணா, அந்த 1920 ஆடிட்ட நான் தீசிஸ்ல எழுதலாமா?

கணக்கு சார் கேட்ட வரவுக்கு நானும் ஒரு விஷயம் சொல்றேன். 1958ல கிரிலிச்சஸ்னு ஒரு பொருளாதார நிபுணர் அமெரிக்காவுல வீரிய மக்காச்சோள ஆராய்ச்சிக்குப் போட்ட காசு வருஷத்துக்கு 700 சதவீதம் கிட்ட திரும்ப வந்துச்சுன்னு கணக்குப் போட்டார். எல்லாரும் அந்த நம்பரத் தூக்கிக்கிட்டு ஓடுறாங்க, எனக்கு அதுல ஒப்பல, ஏன்னா அது ஜெயிச்ச குதிரையோட கணக்கு, அதுகூட ஓடுன மத்த குதிரைக்கெல்லாம் தீவனம் போட்டதும் சேத்துத்தான் எழுதணும்னு அவரே ஒத்துக்கிட்டவர்தான். எது ஜெயிக்கும்னு முன்னாடி தெரிஞ்சா அது ஆராய்ச்சியே இல்லையே.

வெலிங்டன்_வயல்:

அக்ரி படிச்சவன். யாரும் கோதுமைய சொல்லல. வட இந்தியாவுல கோடையில வயல்ல கோதுமையே இருக்காது, வெயில்ல துரு நோய்ப் பூஞ்சையும் செத்துடும். ஆனா நம்ம நீலகிரியிலயும் பழனி மலையிலயும் வருஷம் பூரா குளிர், இங்க அது தங்கி இருந்து காத்துல வடக்க போகுது, கே.சி. மேத்தான்னு ஒரு விஞ்ஞானி ஆயுள் முழுக்க இதத்தான் ஆராய்ஞ்சார். அதே குளிர்னாலதான் வெலிங்டன்ல கோதுமை நிலையம் வெச்சாங்க, வடக்க ஒரு போகம் முடிஞ்சதும் விதைய இங்க கொண்டு வந்து கோடையிலயும் ஒரு தலைமுறை எடுத்துடுறாங்க, புது ரகம் வர்ற காலம் பாதியாகுது, துரு தாங்குதான்னும் இங்கயே பாத்துடலாம். வயல் இங்க, சப்பாத்தி பஞ்சாப்ல, ரேஷன்ல கோதுமை இந்தியா பூரா.

குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துலயும் இதே கதைதான். 1907ல வெறிநாய்க்கடிக்காக வந்தது, 1918ல மெக்காரிசன்னு ஒரு டாக்டர் அங்க ஒரே ஒரு ரூம்ல பெரிபெரி நோய் ஏன் வருதுன்னு பாக்க ஆரம்பிச்சார், அது வளந்து வளந்து 1958ல ஐதராபாத் போய் இப்ப தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். மலையில நாத்து, சமவெளியில நடவு.

உருளைக்கிழங்கு மட்டும் திருப்பி அடிச்சுச்சு. 1961ல நீலகிரி மண்ணுல கிழங்குச் செடியோட வேர்ல தொத்துற முட்டைக்கூட்டு நூற்புழு இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, உண்மைதான், ஆனா அந்தக் கண்டுபிடிப்பால நம்ம விதைக்கிழங்கு வெளி மாநிலம் போகக் கூடாதுன்னு தடை வந்துச்சு. நாட்டுக்கு லாபம், நம்ம விவசாயிக்கு நட்டம். முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துல அப்புறம் குஃப்ரி ஸ்வர்ணா மாதிரி புழு தாங்குற ரகம் எடுத்துக் குடுத்தாங்க. ஆனா போன சந்தைக்கு யார் ஈடு குடுத்தா?

குன்னூர்_கணக்கு:

இத நான் யோசிச்சதே இல்ல. ரேஷன் கோதுமை எங்க வீட்டுலயும் இருக்கு. பாஸ்டர் மதில் ஓரமாத்தான் நான் ஸ்கூலுக்கு நடந்தேன், ஏழு வயசுல நாய் கடிச்சு ஊசி போட்டதும் நான்தான். சரி, ஆராய்ச்சி ஒரு செலவு ஐட்டம் இல்ல, நீண்டகாலச் சொத்துன்னு எழுதணும்னு ஒத்துக்கறேன். மொழிக்கு மட்டும் இன்னும் பதில் வரல.

சொல்_சேகரிப்பு:

வந்துட்டேன் சார். ரெண்டு நாளா இழையப் படிச்சுட்டுத்தான் இருந்தேன்.

நான் நீலகிரிப் பழங்குடியான கோத்தரோட மொழியில வேல பாக்குறேன். மொத்தம் ஏழு ஊர்ல பேசுற மொழி. எமனோன்னு ஒரு மொழியியல் அறிஞர் 1935லேர்ந்து 38 வரைக்கும் இந்த மலையில தங்கி தோடா மொழியும் கோத்தர் மொழியும் கேட்டுக் கேட்டு எழுதுனார், அவருக்கு உக்காந்து கதை கதையா சொன்னவர் சுள்ளிங்கிற கோத்தர். தமிழ் எப்படி இப்படி ஆச்சு, பழைய திராவிட மொழி எப்படி இருந்துச்சுன்னு இன்னைக்குப் பாடம் நடத்துறவங்க எல்லாருக்கும் அந்த மூணு வருஷத்துல எழுதுனது தேவைப்படுது.

எங்க துறைக்கு மெஷின் வேணாம்னு எல்லாரும் நினைக்கிறாங்க. ரெக்கார்டர், பஸ் சார்ஜ், அவ்ளோதான்னு. அப்ப செலவ யார் தாங்குறா? ஒரு நாள் ஒரு அம்மா, எழுபது வயசு இருக்கும், பானை வனையிற களிமண்ணப் பத்தி எனக்குச் சொல்லிட்டு இருந்தாங்க. எந்த மண்ணு, எங்க எடுக்கணும், கையில உருட்டிப் பாத்தா எப்படி இருக்கணும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொல்லு. மண்ணு இல்லாம சொல்ல வராதுன்னு எழுந்து போய் ஒரு பிடி எடுத்துட்டு வந்து என் உள்ளங்கையில வெச்சு விரல மூடி அழுத்தி, "இப்ப சொல்லு"ன்னாங்க. மூணு மணி நேரம். அவங்க அன்னைக்குத் தேயிலை பறிக்கப் போக வேண்டிய நாள், எனக்காகப் போகல. கூலி போச்சு. என் கிராண்ட்ல பயணம், கருவி, எழுதுபொருள்னு தலைப்பு இருக்கு, மண்ணப் பத்தித் தெரிஞ்சவங்களோட மூணு மணி நேரத்துக்குத் தலைப்பு இல்ல. இதர செலவுல எழுதுனேன், ஆடிட்ல வவுச்சர் கேட்டாங்க.

நானும் ஆராய்ச்சிக்காரிதான், அதனால சொல்றேன். அந்த அம்மா வீட்டுக்கு நான் மூணாவது ஆளு. முன்னாடி வந்த ரெண்டு பேரும் இதே சொல்ல எழுதிட்டுப் போனாங்களாம், ஒண்ணும் திரும்பி வரலயாம். ஒரு பேப்பர் தேடிப் பாத்தேன், காசு கட்டிப் படிக்கிற ஜர்னல்ல இருக்கு. 2025லேர்ந்து மூணு வருஷத்துக்கு 6000 கோடி ஒதுக்கி அரசு கல்லூரி, பல்கலைக்கழகம் எல்லாத்துக்கும் ஜர்னல் வாங்கிக் குடுக்குறாங்க, நல்ல திட்டம், ஆனா அந்த அம்மாவும் அவங்க பேத்தியும் எந்தக் கல்லூரியிலயும் இல்லையே. எல்லாரும் படிக்கிற மாதிரி திறந்து போடணும்னா எழுதுறவங்க கட்டணும், பெரிய ஜர்னல் ஒண்ணு அதுக்கு 9500 யூரோ கேட்டுச்சு. ஆராய்ச்சி மாணவருக்கு அரசு குடுக்குற ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023லேர்ந்து மாசம் 37000 ரூபா. இருபது மாசத்துக்கு மேல பட்டினி கிடந்தா ஒரு பேப்பர். அப்படி யாரும் போட மாட்டாங்க, பூட்டித்தான் வெப்பாங்க.

குன்னூர்_கணக்கு:

அந்த வவுச்சர் கேட்டவங்க மேல எனக்குக் கோவம் வரல, அது எங்க வேல. ஆனா நான் ஒண்ணு சொல்லித் தரேன். அடுத்த தடவை பிராஜெக்ட் எழுதும்போதே "மொழி வல்லுநர் மதிப்பூதியம்"னு தனித் தலைப்பு போட்டு, ஒரு அமர்வுக்கு இவ்ளோன்னு ரேட்ட எழுதி அப்ரூவல் வாங்கிடுங்க. கைநாட்டு ரசீது, தேதி, சாட்சி கையெழுத்து போதும். வெளியூர்லேர்ந்து வந்து லெக்சர் குடுக்குற பேராசிரியருக்குக் குடுக்குறோம்ல, அதே தலைப்புல இவங்களும் வரலாம். காட்டுப்பூ அம்மா சொன்ன மசினகுடிக்காரருக்கும் இது பொருந்தும். ஃபார்மெட் நான் டைப் பண்ணித் தரேன்.

காட்டுப்பூ:

சார் அத இங்கயே போடுங்க, எத்தன பேருக்கு உதவும்.

பச்சை_இலை:

சொல்_சேகரிப்பு தங்கச்சி, நீ பதிவு பண்ணது எங்க இருக்கு இப்ப?

சொல்_சேகரிப்பு:

பல்கலைக்கழக சர்வர்ல அண்ணா. வெளிய குடுக்க லெட்டர் எழுதிக் கேக்கணும். போன மாசம் எழுதுனேன், நேத்து அனுமதி வந்துச்சு. 41 மணி நேரம். ஆனா அந்த ஊர்ல சிக்னல் இல்ல, லிங்க் அனுப்புனா தொறக்காது.

பச்சை_இலை:

பென்டிரைவ்ல ஏத்து. ஞாயித்துக்கெழம ஃபேக்டரி லீவு, என் ஜீப் சும்மாதான் நிக்கும், கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடு. என் பொண்ணு லேப்டாப் எடுத்துட்டு வருவா, அந்த அம்மா வீட்டுலயே போட்டுக் கேட்டுட்டு வருவோம். என் செலவு நோட்டையும் எடுத்துட்டு வரேன், கேத்தி மலைக்காரியும் வந்தா அவகிட்ட குடுத்துடறேன்.

கேத்தி_மலைக்காரி:

வரேன் அண்ணா. எட்டரை பஸ்ல.